எழுத்தை நம்பலாம், நிறத்தை நம்பக் கூடாது: நீலகிரி டோபோ ஷீட்டுகள் ஒரு மதிப்பீடு

சர்வே ஆஃப் இந்தியா 1:50,000 அளவில் போட்ட திறந்த தொடர் வரைபடங்களை (நில அமைப்பைக் காட்டும் டோபோ ஷீட்டுகளை) 2017 முதல் இணையத்தில் இலவச பிடிஎஃப் ஆகத் தருகிறது. பதிவு செய்துகொண்டு, வேண்டிய ஷீட்டைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம். மலையேறுபவர்களும் சிவில் இன்ஜினியர்களும் இதை ஏற்கெனவே நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். இங்கே பார்க்கப்போவது வேறு தேவை. ஒரு மலையில் யார் எப்போது குடியேறினார்கள், புல்வெளி எப்படிக் காடு ஆனது, ஊர்ப் பெயர் யார் வாயில் எப்படித் திரிந்தது என்று தேடுகிறவருக்கு இந்த ஷீட் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? சோதனைக்கு நீலகிரியை விடப் பொருத்தமான மாவட்டம் கிடைப்பது கடினம்.

முதலில் ஷீட்டின் எண். பழைய முறையில் 58 என்பது 4 பாகைக்கு 4 பாகை கொண்ட பெரிய கட்டம்; 8 முதல் 12 வரை வட அட்சம், 76 முதல் 80 வரை கிழக்குத் தீர்க்கம். அதை 16 ஆகப் பிரித்தால் வடமேற்கு மூலையில் வருவது 58 ஏ. அதையும் 16 ஆக, 15 நிமிடத்துக்கு 15 நிமிடமாகப் பிரித்தால் கையில் இருக்கும் ஷீட். எண்கள் இடமிருந்து வலமாக ஓடுவதில்லை. மேலிருந்து கீழாக நான்கு முடிந்த பிறகுதான் அடுத்த வரிசை. இதைத் தவறவிட்டு பக்கத்து ஷீட் என்று நினைத்து 58 ஏ/12ஐ இறக்குபவர்கள் நிறைய. ஊட்டி இருப்பது 58 ஏ/11. அதன் கிழக்குப் பக்கத்து ஷீட் 12 அல்ல, 15. குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் மூன்றும் அந்த 15இல் அடங்கிவிடும்.

திறந்த தொடரில் புது எண் முறை. உலக வரைபடக் கட்டத்தை வைத்து சி43 என்று தொடங்கும். கடைசி எண் மட்டும் பழையதுதான். பழைய எண் முறையை வீசிவிட வேண்டாம், ஆய்வுக் கட்டுரைகள், வனத்துறைத் திட்டங்கள், நிலத்தடி நீர் அறிக்கைகள் எல்லாம் இன்னும் 58 ஏ என்றே பேசுகின்றன. அந்த எண் வரிசையே ஒரு காலனியச் சான்று. 'இந்தியாவும் அண்டை நாடுகளும்' என்ற தொடருக்காகப் போட்டது. 1 என்ற எண் மேற்கு ஆசியாவில் விழுகிறது. பேரரசின் கண் எங்கிருந்து எங்கே பார்த்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இன்னொரு குழப்பம்: ஓஎஸ்எம் என்று சுருக்கி எழுதினால் இந்தத் திறந்த தொடரையும் குறிக்கும், தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் குறிக்கும். கட்டுரை எழுதும்போது முழுப் பெயரைப் போடுங்கள்.

அச்சு. இந்த அட்சத்தில் 15 நிமிடம் என்பது வடக்கு தெற்காக 27.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 27.3. ஆகவே ஷீட்டின் உள்சட்டம் ஏறக்குறைய 55 செ.மீ. சதுரம். ஏ4இல் எடுத்தால் ஊர்ப் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஏ1 தாளில், 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை நீக்கிவிட்டு, 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் சரியாக எடுத்தாரா என்று அங்கேயே ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம்: 5 நிமிட அட்சக் கோடுகள் இரண்டுக்கு நடுவே 18.4 செ.மீ. இருக்க வேண்டும். 17.9 வந்தால் அந்தப் பிரதியில் அளக்கும் ஒவ்வொரு தூரமும் பிழை.

கணினியில் வைத்து ஆராய்கிறவர்கள் க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் ஷீட்டைப் புள்ளி வைத்துப் பொருத்தும்போது நான்கு மூலைகளோடு நிறுத்தாமல், 5 நிமிடக் கோடுகள் வெட்டும் 16 இடங்களையும் கொடுப்பது நல்லது. தாள் ஸ்கேனாக இருந்தால் மடிப்பும் சுருக்கமும் நடுவில்தான் தெரியும். திறந்த தொடர் டபிள்யூஜிஎஸ் 84 என்ற புவி அளவு ஆதாரத்தில், உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் வீச்சில் இருக்கிறது. நீலகிரி 43ஆம் மண்டலம். 78 பாகைக்குக் கிழக்கே வேலை செய்து பழகியவர்கள் கை தானாக 44ஐத் தேர்ந்தெடுக்கும். பிறகு மலை எங்கே போனது என்று தேடுவார்கள். பழைய தாள் ஷீட்டுகளை மேலே போட்டு ஒப்பிடுவதானால் இன்னொரு கவனம் வேண்டும். அவை பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்துப் போட்டவை. மாற்றாமல் அப்படியே பொருத்தினால் எல்லாமே 100 மீட்டருக்கும் மேல் நகர்ந்து நிற்கும். ஓடை இடம் மாறிவிட்டது, ஊர் இறங்கிவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த நீள்கோளம் 1830இல் கணக்கிட்டது. அதற்கு அடிப்படையான அளவை 1802இல் அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளந்த அடிக்கோட்டில் தொடங்கியது.

இனி விஷயத்துக்கு வரலாம். ஷீட்டில் நிறங்கள் சில: மஞ்சள் சாகுபடி, பச்சை மரம், வெள்ளை இரண்டுமில்லாத நிலம், நீலம் தண்ணீர், சிவப்பு ரோடும் கட்டடமும், பழுப்பு உயரக் கோடு. சமவெளியில் இது போதும். நீலகிரியில் போதாது.

58 ஏ/11இல் ஊட்டிக்கு மேற்கே பைக்காரா, முக்குருத்திப் பக்கம் பாருங்கள். இங்கே இயற்கையாக இருந்தது மேட்டில் புல்வெளி, மடிப்பில் சோலை. தோடர் எருமை மேய்த்தது அந்தப் புல்லில். 1840கள் முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்), யூகலிப்டஸ் இரண்டும் அங்கே நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் செயற்கைப் பட்டு ஆலைக்கும் என்று இன்னும் பெரிய பரப்பில் நட்டார்கள். ஷீட்டில் நூற்றாண்டுகள் பழைய சோலையும் பச்சை, நேற்று நட்ட சீகைத் தோப்பும் பச்சை. மிஞ்சிய புல்வெளியோ வெள்ளை. வரைபடம் படிக்கத் தெரியாத கண்ணுக்கு வெள்ளை 'ஒன்றுமில்லாத இடம்', பச்சை 'காடு'. பிரிட்டிஷ் வருவாய்த்துறை மேய்ச்சல் புல்லைத் தரிசு என்று பதிந்த அதே பார்வை நிறமாகத் தொடர்கிறது. சீகை பரவியதைக் காடு வளர்ந்த கணக்கில் சேர்த்த மாணவர் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை.

தேயிலைக்கும் தனி நிறம் கிடையாது. மலைச்சரிவின் பெரும்பகுதியை மூடியிருக்கும் பயிரை நிறத்தை வைத்துத் தேட முடியாது, எஸ்டேட் பெயரைப் படித்துத்தான் பிடிக்க வேண்டும். கிளெண்டேல், நான்சச், கிரெய்க்மோர் என்று பெயரிலேயே யார் வந்து நட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

பெயர்தான் இந்த ஷீட்டின் உண்மையான சொத்து. மேலிருந்து கீழ் வரை, பென்சிலை வைத்து ஒவ்வொரு பெயரின் ஈற்றையும் வகைப்படுத்துங்கள். 'மந்து' என்று முடிந்தால் தோடர். 'ஹட்டி' படகர். 'கோக்கால்' கோத்தர். கோத்தகிரியில் இருப்பது கிரி அல்ல, கோத்தர் கேரி என்பதன் திரிபு என்றுதான் சொல்கிறார்கள். 'பெட்டா' என்றால் படகு மொழியிலும் கன்னடத்திலும் மலை. 2,637 மீட்டர் தொட்டபெட்டா அதில் பெரியது என்று தன் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. இந்த நான்குக்கும் நான்கு வண்ண ஸ்டிக்கர் ஒட்டினால், ஒரு மணி நேரத்தில் பழைய மலையின் வாழிட அமைப்பு மேஜை மேல் கிடக்கும்: மந்து மேற்குப் புல்வெளியில், ஹட்டி கிழக்கு, தெற்குச் சரிவுகளில் நெருக்கமாக, கோக்கால் அங்கங்கே ஒன்றாக, பானைக்கும் இரும்புக்கும் மற்ற இரு சமூகமும் வந்து போகும் தூரத்தில்.

பெயர்கள் ரோமன் எழுத்தில் இருப்பதால் ல, ள, ழ குழம்பும், ர, ற போய்விடும். சந்தேகமான பெயரைக் கிராம நிர்வாக அலுவலகத்து ஊர்ப் பட்டியலில் தமிழில் சரிபார்க்காமல் வேர் தேடக் கிளம்ப வேண்டாம்.

காலனியப் பெயர்கள் மேலே வந்து உட்கார்ந்த விதத்தை 58 ஏ/15 ஒரே பார்வையில் காட்டுகிறது. வெலிங்டன் என்ற பெயர் பெரிதாக இருக்கும். பக்கத்தில் ஜெகதளா என்ற படகர் ஊர். 1850களில் படைமுகாம் கட்டியபோது அந்த இடத்துக்கே ஜெகதளா என்றுதான் பெயர். பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயரை மாற்றி வைத்தார்கள். இரண்டு பெயரும் ஒரே ஷீட்டில் இன்றும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இதே இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைப்படி, பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள இடங்கள் திறந்த தொடரில் காட்டப்படவில்லை. அவை பாதுகாப்புத் தொடர் ஷீட்டில் மட்டும். ஆகவே வெலிங்டன், 1904இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அரவங்காடு போன்ற இடங்களில் ஷீட் வெறிச்சோடித் தெரிந்தால், அங்கே ஆள் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

ரயில் பாதையையும் இதே ஷீட்டில் விரலால் தொடரலாம். மேட்டுப்பாளையம் நிலையம் 326 மீட்டர், குன்னூர் 1,712. உயரக் கோட்டு இடைவெளி 20 மீட்டர் என்பதால் ஏறக்குறைய 70 பழுப்புக் கோடுகளைப் பாதை கடக்கிறது. பல்சக்கரப் பகுதியின் உச்சச் சரிவு சுமார் 12க்கு 1. அதாவது 240 மீட்டர் ஓடினால் ஒரு கோடு. ஷீட்டில் அது அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிவைடரை அந்த அளவில் வைத்து நடந்து பாருங்கள், ரயில் கோடு சொல்லிவைத்தாற்போல் அந்த வேகத்தில் கோடுகளை வெட்டும். பக்கத்திலேயே புள்ளிக்கோடாக ஏறும் ஒற்றையடிப் பாதை அதே உயரத்தைக் கால்வாசித் தூரத்தில் நேராக வெட்டி ஏறிவிடும். ரோடு மூன்றாவது வகை, வளைந்து வளைந்து கோட்டோடு சேர்ந்தே ஓடும். கால், மாட்டு வண்டி, நீராவி மூன்றுக்கும் மலை மூன்று விதமாகத் தெரிந்திருக்கிறது. நிலையப் பெயர்களையும் வரிசையாகப் படியுங்கள்: கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமீட், குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். ரன்னிமீட்: இங்கிலாந்தில் மன்னன் மாக்னா கார்ட்டா சாசனத்தில் முத்திரை வைத்த புல்வெளியின் பெயர், யானை நடமாடும் சரிவில் ஒரு நிறுத்தத்துக்கு. பாதை 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை வந்தது. அரவங்காட்டைத் தாண்டியதும் ஷீட் 11க்கு மாறிவிடும். இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

குடிபெயர்வு விஷயத்தில்தான் ஷீட் அதிகம் தடுமாறுகிறது, அதிகம் உதவுவதும் அங்கேதான்.

தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள் சிவப்பில் நேர்கோடாக, குட்டையான கோடுகளாகத் தெரியும் என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மைதான். ஆனால் படகர் ஹட்டியிலும் வீடுகள் வரிசையாகவே நிற்கும். கேரி என்பதே அந்த வரிசைதான். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவது இந்த ஷீட்டில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு. பிரிக்கும் வழி: ஹட்டிக்குச் சொந்தப் பெயர் இருக்கும், கோயில் குறி இருக்கும், சுற்றி மஞ்சள் திட்டு இருக்கும், பல பாதைகள் அங்கே வந்து கூடும். லைனுக்குப் பெரும்பாலும் தனிப் பெயர் கிடையாது. எஸ்டேட் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கும், தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரே ரோட்டின் ஓரத்தில் நிற்கும். வீடு இருந்தும் ஊர் என்ற பெயர் இல்லாத நிலை. அங்கே வாழ்ந்தவர்களின் சட்ட நிலையும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது.

1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் நாடற்றவராக இருந்த மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி, தேவாலா, பாண்டியாறு என்று அதன் பிரிவுகள் பரவியிருக்கின்றன. காடு வெட்டித் தேயிலை வைத்த காலம் இது. ஆகவே ஷீட்டின் ஓரத்தில் கள அளவை எந்த ஆண்டு நடந்தது என்று எழுதியிருப்பதுதான் முதலில் படிக்க வேண்டிய வரி. அச்சிட்ட ஆண்டையோ பதிப்பு ஆண்டையோ பார்த்து ஏமாறக் கூடாது; புதிய பதிப்பில் பழைய அளவையே இருக்கலாம். அளவை ஆண்டு 1968க்கு முன்னால் என்றால் பச்சையாக இருக்கும் சரிவு, பத்தாண்டு தள்ளிய அளவையில் எஸ்டேட்டாக இருக்கும். இரண்டு காலத்து ஷீட் கிடைத்தால் ஒரு மக்கள் கூட்டம் வந்து இறங்கிய தடத்தை அப்படியே அளந்துவிடலாம். ஒன்றே கிடைத்தால் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள்.

அதே வட்டாரத்தில் அய்யன்கொல்லி, அம்பலமூலா போன்ற பெயர்கள் வயநாட்டுப் பக்கம் காது கொடுக்கின்றன. சர்ச்சுக் குறியையோ பள்ளிவாசல் குறியையோ கண்டதும் கேரளத்திலிருந்து வந்த குடியேற்றம் என்று எழுதிவிட முடியாது, ஆனால் பெயர் ஈற்றும் குறியும் மஞ்சள் திட்டும் ஒன்றாக வந்தால் கள விசாரணைக்கு அது நல்ல தொடக்கப் புள்ளி. ஓவேலியும் இந்தப் பக்கம்தான். 1847இல் நீலகிரியை அளவெடுத்த ஜான் ஆக்டர்லோனியின் பெயர் பள்ளத்தாக்குக்கு வந்தது. காபித் தோட்டம் போட்ட குடும்பம். வாய்க்குள் நுழையாத அந்தப் பெயர் ஓ வேலி ஆகி, இன்று பேரூராட்சியின் பெயர்ப்பலகையிலேயே ஓவேலி. அளந்தவன் பெயரை ஊரார் மென்று துப்பி மிச்சம் வைத்தது ஒரே எழுத்து.

ஷீட் காட்டாதது நில உரிமை. கூடலூரில் பாதிச் சண்டை அதைப் பற்றியது. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம (பரம்பரை உரிமை) நிலம், அதைக் குத்தகைக்கு எடுத்த தோட்டங்கள், 1969ஆம் ஆண்டு ஜன்ம ஒழிப்புச் சட்டம், அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் இன்னும் தீராத குத்தகை நிலங்கள், அதற்குள் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் குடியிருப்புகள். ஒதுக்குக் காட்டு எல்லை மட்டும் புள்ளிக்கோடாகத் தெரியும். மற்றதற்கு வருவாய்த்துறையின் புல வரைபடம் தனியாக வேண்டும். டோபோ ஷீட்டை உரிமைச் சான்றாக எங்கேயும் நீட்ட வேண்டாம்.

தோடர் மந்து விஷயத்தில் இன்னொரு பொறி. எருமையோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் வழக்கத்தில், கோடைக்கு மட்டும் போகும் மந்துகளும் உண்டு. அளவைக்காரர் போன மாதத்தில் குடிசை காலியாக இருந்தால், ஷீட்டில் ஊர் கைவிடப்பட்டதாகவோ இல்லாமலோ போகலாம். நடமாட்டம் என்பதை நிரந்தரக் குடியிருப்பின் குறியால் காட்டப் பார்க்கிற எந்த வரைபடத்துக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சேர்த்துப் படித்தால் ஷீட்டின் பலம் கூடும். தாய்மொழி அட்டவணையான சி 16, குடிபெயர்வுக்கான டி வரிசை இரண்டும் போதும். படகு மொழி அங்கே கன்னடத்தின் கீழ் தொகுக்கப்பட்டிருக்கும். மேல் வரியை மட்டும் பார்த்தால் நீலகிரியில் கன்னடர் திரளாக இருப்பதாகத் தோன்றும். பிறந்த இடத்தை வைத்துக் கணக்கிடுவதால் இலங்கையில் பிறந்தவர் மட்டும் தெரிவார்கள், இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கில் மறைந்துவிடுவார்கள். அவர்களை ஷீட்டில்தான், பெயரில்லாத அந்தச் சிவப்புக் கோடுகளில்தான் தேட வேண்டும்.

ஊட்டி, குன்னூர் மட்டும் படிப்பவருக்கு 11, 15 இரண்டு போதும். கூடலூருக்கு நான்கு வேண்டும். 11 பாகை 30 நிமிடமும் 76 பாகை 30 நிமிடமும் வெட்டும் புள்ளி அந்த ஊருக்குப் பக்கத்திலேயே விழுவதால், 58 ஏ/6இன் கீழ் வலது மூலை, 7இன் மேல் வலது, 10இன் கீழ் இடது, 11இன் மேல் இடது நான்கும் அங்கே கூடுகின்றன. ஓர வெள்ளையை 6, 7இல் வலப்பக்கமும், 10இல் அடிப்பக்கமும், 6இல் அடிப்பக்கமும் வெட்டிவிட்டு, 11ஐ முழுதாக வைத்து அதன் மேல் மற்ற மூன்றையும் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ரோடு ஒன்றோடொன்று சேராவிட்டால் பசையைக் குறை சொல்லும் முன் நான்கு ஷீட்டின் கள அளவை ஆண்டையும் பாருங்கள்.